24 வருடமாக உள்ளூர் சேனலில் செய்தி வாசிக்கிறேன், "இனி குரல் மட்டும் போதும்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

எட்டு_மணி_செய்தி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் செய்தி வாசிக்கிறேன். 2001-ல் சேர்ந்தேன். வயது 49. போன வாரம் எங்கள் முதலாளி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "மேடம், அடுத்த மாசத்திலிருந்து ஸ்கிரீன்ல புதுசா ஒரு பொண்ணு வருது. உங்க குரல் இல்லாம நம்ம சேனல் இல்லை. வாய்ஸ் ஓவர் பூரா நீங்களே பாருங்க. சம்பளத்துல ஒரு பைசா குறையாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் சார் என்று எழுந்து வந்துவிட்டேன். பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன்.

ஒப்புக்கொள்வதா, விலகுவதா என்பதுதான் கேள்வி. என் வேலை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் உங்களால் பதில் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்தபோது ஸ்டூடியோ என்பது கேபிள் கண்ட்ரோல் ரூமுக்குப் பின்னால் இருந்த பத்துக்குப் பத்து அறை. கல்யாண வீடியோ எடுப்பவர்தான் கேமராமேன். முகூர்த்த நாளில் அவர் வரமாட்டார், முதலாளியே கேமராவைப் பிடிப்பார். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பதிவு. ப்ராம்ப்டர் கிடையாது. கையால் எழுதிய தாள்தான். குனிந்து ஒரு வரியைக் கண்ணால் எடுத்து, நிமிர்ந்து அதைச் சொல்லி, மறுபடி குனிய வேண்டும். அதற்காகத் தாளில் நானே குறி போட்டுக்கொள்வேன். மூச்சுக்கு ஒரு சாய்கோடு, முழுதாக நிறுத்துவதற்கு இரண்டு. ழகரம் வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் வட்டம். இன்றைக்கும் ப்ராம்ப்டரில் ஓடும் செய்தியை முன்கூட்டியே தாளில் எடுத்துக் குறி போட்டுத்தான் உட்காருகிறேன்.

ப்ராம்ப்டர் வந்தது பிறகுதான். கேமரா லென்ஸுக்கு முன்னால் சாய்ந்த கண்ணாடி, கீழே இருக்கும் திரையின் எழுத்து அதில் தெரியும், பார்க்கிறவர்களுக்கு நாம் நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் வைக்க வேண்டும். அகலமாக வைத்தால் கண் இடமும் வலமும் ஓடுவது வீட்டில் இருப்பவருக்கு அப்பட்டமாகத் தெரியும். அதை ஓட்டிய பையன் முதல் மூன்று மாதம் எனக்கு முன்னால் ஓடினான், நான் அவனைத் துரத்தினேன். பிறகு ஒருநாள் அவன் என் தோளைப் பார்க்க ஆரம்பித்தான். தோள் எழுந்தால் மூச்சு எடுக்கிறேன் என்று கண்டுபிடித்துக்கொண்டான். அதன்பிறகு எங்களுக்குள் ஒருநாளும் பிசகியதில்லை.

என்ன செய்தி வாசிக்கிறேன்? மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. 24 வருடமாக என் செய்தி இதில்தான் தொடங்குகிறது. ஒருமுறை வரத்தையும் வெளியேற்றத்தையும் மாற்றி வாசித்துவிட்டேன். செய்தி முடிவதற்குள் ஆபீஸ் போன் விடாமல் அடித்தது. நாற்று விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த நாள் மனதில் அப்படியே நிற்கிறது. அதற்கப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கியது, நாளைய மின்தடை, காணாமல் போனவர்கள், கடைசியில் இரங்கல் செய்தி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. கம்பம் எல்லாம் சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, சேனலே இல்லை. மூன்றாம் நாள் ரேஷன் கடைப் பக்கம் நடந்து போகிறேன், ஒரு அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "செய்தி அம்மா, கரண்ட் எப்பம்மா வரும்? எங்க தெருவுக்கு யாருமே வரலியேம்மா" என்றார். சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். டிவி ஓடாத ஊரில் என்னைப் பார்த்துச் செய்தி கேட்டார்கள். வீட்டுக்குப் போய் ஒரு நோட்டை எடுத்துவந்து, தெருவாரியாக யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதித் தாலுகா ஆபீஸில் கொடுத்தேன். அடுத்த நாளும் எழுதினேன். ஒன்பது நாள் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, கடைசிப் பக்கங்கள் மழையில் நனைந்து மை பரவிக் கிடக்கும்.

குரல் மட்டும் கொடுத்திருந்தால் அந்த அம்மாவுக்கு என்னை யாரென்று தெரிந்திருக்குமா? இதுதான் என்னை உறுத்துகிறது.

இன்னொரு பக்கம் என் மனசே என்னைக் கேட்கிறது, முகத்தின் மேல் உள்ள ஆசையைத்தான் இப்படிச் சொல்லிக்கொள்கிறாயா என்று. கொரோனா சமயத்தில் முடிக்குச் சாயம் போடுவதை நிறுத்தினேன், பிறகு ஆரம்பிக்கவில்லை. படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. புதிதாக வரும் பெண் நல்ல பெண். அவளுக்கும் ஒரு இடம் வேண்டும்தானே?

இந்தத் துறையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய_டெஸ்க் எழுதியது:

அம்மா, நான் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தி மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். மைக் முன்னால் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தவர்களுக்குத் தாள் எழுதிக் கொடுத்தே காலம் போயிற்று. அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில், குரல் மட்டும் என்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி." இந்த ஒரு வரியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். டெல்லியிலிருந்து பல பத்தாண்டு அவர் வாசித்தார். தமிழ்நாட்டில் தெருவில் நடந்து போனால் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரிந்திருக்கும்? 2022 ஆகஸ்டில் அவர் காலமானபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொந்தக்காரர் போனதுபோல் கலங்கினார்கள். முகமே இல்லாமல் அந்த உறவு உண்டானது.

ஆனால் அந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். அதில் பெயர் இருக்கிறது. வாசிப்பது இன்னார் என்று தொடங்கிய பிறகுதான் செய்தி. தப்பாக வாசித்தால் யாரைக் கேட்பது என்று நாட்டுக்கே தெரியும். உங்கள் முதலாளி கேட்பது அந்த வேலை இல்லை. ஒரு பெண்ணின் முகம் திரையில் இருக்கும், இடையில் காட்சி ஓடும்போது யாருடையது என்று சொல்லாத குரல் வரும். பெயர் இல்லாத குரல். முகத்தை விட்டுக்கொடுக்கலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பெயரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அடுத்த ஏப்ரலில்தான் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தது. ஆகவே எங்களுக்கெல்லாம் வானொலிப் பழக்கமே வழிகாட்டி. முகம் அசையக் கூடாது, குரல் ஏறக் கூடாது, கருத்து தெரியக் கூடாது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது, அதன் பிறகு வரிசையாகத் தனியார் சேனல்கள். வணக்கம் சொல்வதற்கே ஆளுக்கொரு பாணி பிறந்தது. வேகம் கூடியது, சத்தம் கூடியது. நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. நான் பழைய பாணிக்காரன், அதை மறைக்க மாட்டேன். 1984 அக்டோபர் 31 மாலை, இந்திரா காந்தி கொலையுண்ட செய்தியை தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் வாசித்ததை நினைத்துப் பார்க்கிறேன். நாடு பகல் முழுக்கக் காத்திருந்த செய்தி அது. அன்று ஒரு முகம் அதைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

வயதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இது உங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் கிறிஸ்டின் கிராஃப்ட் என்ற உள்ளூர்ச் செய்தி வாசிப்பாளரை 1981-ல் அந்த இடத்திலிருந்து இறக்கினார்கள். தோற்றமும் வயதும்தான் காரணம் என்று அவர் வழக்குப் போட்டார். ஜூரி அவர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டில் தோற்றார். கனடாவில் லிசா லாஃப்லாம் 35 வருடம் ஒரே நிறுவனத்தில் இருந்தவர், 2022-ல் அனுப்பப்பட்டார். உங்களைப் போலவே கொரோனா காலத்தில் சாயம் போடுவதை நிறுத்தி நரையோடு திரையில் வந்தவர் அவர். வணிக முடிவு என்றது நிறுவனம், நரை காரணமில்லை என்றது. பார்த்தவர்கள் பலர் நம்பவில்லை. ஆண் வாசிப்பாளருக்கு நரைத்தால் அனுபவசாலி என்கிறோம். இதை என் மேசையிலிருந்தே பல தடவை பார்த்தேன், அப்போது வாய் திறக்கவில்லை. அது என் குறை.

விலகாதீர்கள். ஆனால் நிபந்தனை போடுங்கள். தொடக்கத்தில் உங்கள் பெயர் வர வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் திரையில் உட்கார வேண்டும்.

மதுக்கூர்_பஸ் எழுதியது:

அக்கா!! ழ-வுக்குச் சிவப்பு வட்டம்னு படிச்சதுமே புரிஞ்சுபோச்சு, இது நீங்கதான். பேரும் சேனலும் இங்க சொல்லல, பயப்படாதீங்க. நான் உங்ககிட்ட ட்ரெய்னியா ஏழு மாசம் இருந்தேன். டூட்டி நாள்ல பச்சை கட்டக் கூடாதுன்னு முதல் நாளே திருப்பி அனுப்பினீங்களே, அந்தப் பொண்ணு. பின்னாடி இருக்கிற பச்சைத் துணியை கம்ப்யூட்டர் எடுத்துட்டுப் படம் போடும்போது, பச்சைப் புடவையும் சேர்ந்து காணாமப் போயிடும், தலையும் கையும் மட்டும்தான் மிஞ்சும்னு சொன்னீங்க. இப்ப சென்னைல ஒரு சேனல்ல காலை ஷிஃப்ட் பாக்குறேன்.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். 2016 டிசம்பர் 5 சாயங்காலம் நான் இவங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துட்டாங்கன்னு சில பெரிய சேனல்லயே போட்டுட்டாங்க. கட்சி ஆபீஸ்ல கொடியக் கூட இறக்கிட்டாங்க. எங்க ரூம்ல எல்லாரும் "போடுங்க, போடுங்க, நாமதான் கடைசி"ன்னு கத்துறாங்க. அக்கா தாளைக் கவுத்து வெச்சுட்டு, "அறிக்கை வரட்டும். நாளைக்குக் காலைல பால் வாங்கப் போறப்ப இந்த ஊர் என்னைத்தான் பாக்கும்"னு சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல அந்தச் செய்திய மறுத்து மருத்துவமனைலேர்ந்து அறிக்கை வந்துச்சு, இறக்கின கொடிய மறுபடி ஏத்தினாங்க. இறந்தது அன்னிக்கு ராத்திரி 11.30 மணிக்குன்னு அதிகாரப்பூர்வமா சொன்னப்ப நடுராத்திரி தாண்டிடுச்சு. அப்புறம்தான் அக்கா வாசிச்சாங்க. அழுதுடுவாங்களோன்னு நினைச்சேன். குரல் ஒரு இடத்துலயும் உடையல. ஆனா கேமரா ஆஃப் ஆனதும் மைக்கைக் கழட்ட முடியாம கை நடுங்கிச்சு, நான்தான் கழட்டினேன்.

இங்க என் வேலைல காதுல எப்பவும் பிசிஆர்லேர்ந்து, அதான் கண்ட்ரோல் ரூம்லேர்ந்து, சத்தம், "எக்ஸ்டெண்ட் பண்ணு, நிரப்பு, அடுத்த பிரேக்கிங்". காலைல என்னை யாரும் பால் கடைல பாக்கறதில்ல. இந்த ஊர்ல என்னை யாருக்கும் தெரியாது. அக்கா, நீங்க சொன்ன அந்தப் பால் கடை இல்லாததால நான் எத்தனை தடவை அவசரப்பட்டேன்னு எனக்குத் தெரியும். அதனால நீங்க ஸ்கிரீன விட்டுப் போகக் கூடாதுன்னுதான் சொல்வேன்.

டப்பிங்_அறை எழுதியது:

நான் குரல் வேலை செய்பவன். விளம்பரம், டப்பிங், ஆடியோ புத்தகம். மேலே யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் குரலை எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா?

24 வருடச் செய்திப் பதிவு ஒரே குரலில், ஒரே நடையில் இருக்கிறது என்றால் அது இன்றைக்குப் பெரிய சொத்து. அதை வைத்துக் கணினியை உங்களைப் போலவே பேச வைக்க முடியும். 2023-ல் ஒடிசாவில் லிசா என்று ஒரு ஏஐ செய்தி வாசிப்பாளரைக் கொண்டுவந்தார்கள். 2024 மே மாதம் தூர்தர்ஷனின் விவசாயச் சேனலான டிடி கிசானே க்ரிஷ், பூமி என்று இரண்டு பேரைத் திரையில் உட்கார வைத்தது, ஐம்பது மொழி பேசுவார்கள் என்றார்கள். உங்கள் முதலாளிக்கு அப்படி ஒரு எண்ணம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனிதராகவே தெரிகிறார். ஆனால் சேனலை அவர் நாளைக்கு வேறொருவருக்கு விற்கலாம். வாங்குகிறவர் உங்களைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆகவே ஒரு பக்கத்தில் ஒரு கடிதம். நான் நேரில் வாசிக்கும் செய்திக்கு மட்டுமே என் குரல். பழைய பதிவையோ புதிய பதிவையோ கொண்டு என் குரலைச் செயற்கையாக உண்டாக்க என் எழுத்துச் சம்மதம் வேண்டும். விலகினாலும் இது பொருந்தும். இரண்டு பேரும் கையெழுத்து. உறவு நன்றாக இருக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், கசந்த பிறகு கேட்டால் சண்டை போலத் தெரியும். என் துறையில் இதைக் கேட்கத் தவறியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் இன்றைக்குத் தங்கள் குரலையே தங்களுக்குப் போட்டியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாலு_மா எழுதியது:

நான் விவசாயி. துறை பற்றித் தெரியாது. எங்க அப்பா உங்களைப் போல ஒருத்தங்க சொல்ற மேட்டூர் அளவைத் தினசரி காலண்டர் தாள்ல எழுதி ஆணியில குத்தி வைப்பார். அணையோட முழு நீர்மட்டம் 120 அடின்னு எனக்கு ஒண்ணாப்பு படிக்கும்போதே தெரியும், வாய்ப்பாடு அப்புறம்தான் வந்துச்சு. 2020-ல ரொம்ப வருஷம் கழிச்சு ஜூன் 12-ந் தேதியே தண்ணி திறந்தப்ப அப்பாவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல, இரண்டு கண்ணுலயும் புரை. டிவி முன்னால உட்கார்ந்து காதாலதான் கேட்டார். அந்தம்மா குரல்ல கேட்டாத்தான் தண்ணி வந்த மாதிரி இருக்குன்னார்.

மத்தவங்க முகம் வேணும்ங்கறாங்க. எங்க அப்பாவுக்கு முகம் தேவைப்படல. இதையும் கணக்குல எடுத்துக்குங்கம்மா.

எட்டு_மணி_செய்தி எழுதியது:

எல்லோருடைய பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். மதுக்கூர்_பஸ், நீ யாரென்று எனக்கும் தெரிந்துவிட்டது. காலையில் சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போகாதே. பால் கடை இல்லையென்றால் என்னை நினைத்துக்கொள், அது போதும்.

நாலு_மா ஐயா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. இத்தனை வருடம் கேமராவைப் பார்த்துப் பேசும்போது என்னைப் பார்க்கிறவர்களைத்தான் நினைத்திருக்கிறேன். பார்க்க முடியாதவர் ஒருவர் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பெரியவர் பழைய_டெஸ்க் பெயரைப் பற்றிச் சொன்னது என்னை 2004-க்குக் கொண்டுபோனது. ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. 94 குழந்தைகள். எங்கள் பகுதிக் குழந்தைகள். பெயர்ப் பட்டியல் விட்டுவிட்டு வந்தது, கையால் எழுதி, ஃபேக்ஸில் பாதி அழிந்து. ஒரு இடத்தில் ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தது, இனிஷியல் மட்டும் வேறு. ஒரே குழந்தையை இரண்டு முறை எழுதிவிட்டார்களா, இரண்டு குழந்தைகளா? கேட்டுச் சொல்லும்வரை வாசிக்க மாட்டேன் என்றேன். இரண்டு குழந்தைகள்தான். ஒவ்வொரு பெயருக்கும் இனிஷியலை நிறுத்திச் சொல்லி, வயது சொல்லி, அப்பா பெயர் சொல்லி வாசித்தேன். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் இரண்டு சாய்கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த இரண்டு கோட்டின் இடைவெளியைக் குறைக்காமல் கடைசி வரைக்கும் போக வேண்டும் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு நினைவு. அந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளவில்லை.

நேற்று முதலாளியிடம் பேசினேன். டப்பிங்_அறை சொன்ன கடிதத்தை முதலில் கொடுத்தேன். படித்துவிட்டு, இப்படியெல்லாம் நடக்குமா மேடம் என்று உண்மையாகவே திகைத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். தொடக்கத்தில் இரண்டு பேர் பெயரும் வரும். செய்தியின் நடுப்பகுதி அந்தப் பெண்ணுக்கு. முதலில் வரும் மேட்டூர் அளவும் கடைசியில் வரும் இரங்கல் செய்தியும் நான் திரையில் உட்கார்ந்து வாசிப்பேன். இந்த இரண்டையும் கேட்டு வாங்கினேன். நரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாய்ஸ் ஓவர் என் பொறுப்பு. ஆறு மாதம் இப்படிப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். எனக்குச் சம்மதம்தான். ஆறு மாதம் கழித்து மறுபடி அந்த நாற்காலியில் உட்காரச் சொல்வார் என்று தெரியும், அப்போது மறுபடி பேசுவேன்.

அந்தப் பெண் முதல் ஒத்திகை பார்த்தாள். குரல் கணீரென்று இருக்கிறது. தாளில் கீழ்வேளூர் என்று இருந்ததை எழுத்து மாறாமல் வாசித்தாள், தப்பு இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து மனிதர் வாயில் அது கீவளூர். எங்கே எழுத்துப்படி வாசிப்பது, எங்கே வாய்ப்படி வாசிப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வருடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். அவள் ஏன் இருபது வருடம் வாங்க வேண்டும்?

அதனால் ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்று போட ஆரம்பித்திருக்கிறேன். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் உச்சரிப்பு, எந்தச் செய்தியில் எது என்று ஒரு குறிப்பு. வேதாரண்யத்திலிருந்து நீடாமங்கலம் வரைக்கும் முதல் இரண்டு பக்கம் முடிந்தது. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, லைட் போடுவதற்கு முன்னால், அவளோடு உட்கார்ந்து சத்தமாக வாசிக்கப் போகிறேன்.